நாற்பத்தைந்து கலன் கணக்கு

ஆண்டு முடியும் வேளையில் மேனாட்டுச் சிறு பியர்ச் சாலைகள் தம் வாடிக்கையாளருக்கு ஒரு மடல் விடுப்பதுண்டு. இவ்வாண்டு இத்தனை பீப்பாய் காய்ச்சினோம், இன்ன புதுவகை பலருக்கும் பிடித்தது, தாங்கி ஒன்று பழுதாயிற்று, வரும் ஆண்டிற் பெரிய தாங்கிகள் வாங்க எண்ணியுள்ளோம் என்றெல்லாம் அதில் எழுதியிருப்பர். படிக்க இனிமையாகவே இருக்கும். ஆனால் கடைசியில் வரும் அந்த வருங்காலத் திட்டத்திலேதான் சாலையின் உயிர் தங்கியிருக்கிறது. அத்திட்டம் கைகூடாமற்போன ஒரு சாலையைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தேன். மதுவின் பெருமை பேசுவது என் நோக்கமன்று. ஒரு கைத்தொழிலின் வரவு செலவைப் பார்ப்பதே நோக்கம். ஆகவே மது தொடாத வாசகரும் கூசாமற் படிக்கலாம்.

ஜாக் மக்கோலிப் என்பவர் அமெரிக்கக் கடற்படையிற் பணிபுரிந்தவர். 1960களில் ஸ்கொத்லாந்தில் இருந்தபோது அங்குள்ள பழைய முறைப் பியரைச் சுவைத்தார். அதனை வீட்டிலே காய்ச்சவும் பழகினார். தாயகம் திரும்பியபின் அத்தகைய பானம் அங்கே கிடைக்கவில்லை. முன்னர் ஊர்தோறும் இருந்த சாலைகள், 1920 முதல் 1933 வரை நிலவிய மதுவிலக்கினாலும், பின்னர்ப் பெருங்கம்பனிகளின் போட்டியினாலும் அருகிப்போயின. 1970களின் இறுதியில் அமெரிக்கா முழுவதிலும் நூறு பியர்ச் சாலைகள்கூட இருக்கவில்லை.

சன் பிரான்சிஸ்கோ நகரில் அங்கர் என்ற பழைய சாலை ஒன்று மட்டும் சிறிய அளவில் நடந்துவந்தது. மூடும் நிலையிலிருந்த அதனை 1965இற் பிரிட்ஸ் மேடாக் என்னும் இளைஞர் வாங்கி மீட்டிருந்தார். அதனைச் சென்று பார்த்த பின்னரே, சிறியதும் வாழலாம் என்ற நம்பிக்கை மக்கோலிப்புக்குப் பிறந்தது. ஆனால் மேடாக், சலவைப் பொறி செய்து பெரும் பொருளீட்டிய குடும்பத்தின் பிள்ளை. சில ஆண்டுகள் இலாபமின்றிப் போனாலும் தாங்கிக்கொள்ளும் வலு அவருக்கிருந்தது. மக்கோலிப்புக்கு இருந்தவை இரண்டு கைகளும், உலோகத்தை உருக்கி ஒட்டும் தொழிலறிவுமே.

1976இற் கலிபோர்னியாவின் சொனோமா என்னும் ஊரருகே, பழக் களஞ்சியம் ஒன்றின் ஒரு பகுதியை வாடகைக்கு எடுத்து, சூசி ஸ்ரேண், ஜேன் சிம்மர்மன் என்னும் இரு பெண்மணிகளின் துணையோடு அவர் தொழிலைத் தொடங்கினார். சாலைக்கு நியூ அல்பியன் என்று பெயர். 1579இல் அக்கரையில் இறங்கிய பிரான்சிஸ் டிரேக் அந்நாட்டுக்கு இட்ட பெயர் அது. சிறு சாலைக்கு ஏற்ற தாங்கிகளைச் செய்து விற்பார் எவருமில்லாத காலம். பாற்பண்ணைகள் கழித்த பாத்திரங்களையும், கொக்கா கோலாப் பாகு அடைத்துவந்த உருக்குப் பீப்பாய்களையும் வாங்கித் தாமே வெட்டி ஒட்டி அமைத்தார். நீர் மேலிருந்து கீழே தானாக இறங்கிவர அடுக்கடுக்காக அவற்றை ஏற்றிவைத்தார்.

பியர் காய்ச்சுவது கள் இறக்குவதுபோல் அன்று. பாளை தரும் நீரில் வெல்லம் ஏற்கெனவே கரைந்திருக்கிறது. முட்டியில் விழுந்ததுமே அது நொதிக்கத் தொடங்கிவிடும். பார்லியில் இருப்பதோ மாப்பொருள். முளைவித்து உலர்த்திய தானியத்தைத் திரித்து, ஏறக்குறைய 65 பாகை செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால்தான் அது வெல்லமாக மாறும். பின் அந்நீரை வடித்து, கசப்பும் மணமும் தரும் ஹொப்ஸ் பூக்களையிட்டுக் கொதிக்கவைத்து, ஆற்றி, மதுவம் சேர்த்து நொதிக்க விடவேண்டும். நியூ அல்பியனில் அதற்குமேலும் ஒரு படி உண்டு. போத்தலில் அடைத்தபின் உள்ளேயே மறுமுறை நொதிக்கவிட்டு நுரை வரச்செய்தனர். ஒவ்வொரு தடவைக்குப் பின்னும் எல்லாப் பாத்திரங்களையும் கழுவித் துப்புரவாக்க வேண்டும். வேலையிற் பெரும்பகுதி அதுதான் என்பதை, அடுக்களையில் நிற்பவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

இனிக் கணக்கைப் பார்ப்போம். அச்சாலையில் ஒரு தடவை காய்ச்சக்கூடியது ஏறத்தாழ 45 கலன். பன்னிரண்டு அவுன்சுப் போத்தலில் அடைத்தால் 480 போத்தல், இருபது பெட்டி. ஆண்டு முழுவதும் ஓயாமல் உழைத்த காலத்திலும் 400 பீப்பாய் அளவே கிடைத்தது. அமெரிக்கப் பீப்பாய்க்கு 31 கலன். எனவே 400 பீப்பாய்க்கு ஏறத்தாழ 276 தடவை அடுப்பு மூட்டவேண்டும்! பத்துப் பீப்பாய் கொள்ளும் பாத்திரம் இருந்தால் அதே அளவை நாற்பது தடவையிற் காய்ச்சி முடிக்கலாம். நீர் கொதிக்கும் நேரமும், ஊறும் நேரமும், கழுவும் வேலையும் பாத்திரம் பெருக்கும் அளவுக்குப் பெருகுவதில்லை. கைத்திறனில் ஒரு குறையுமில்லை, பானை சிறிது. அவ்வளவே.

அரசாங்கம் உதவவில்லை என்று சொல்லமுடியாது. சிறு சாலைகள் காய்ச்சும் முதல் 60,000 பீப்பாய்க்கும் மதுவரியை 9 டொலரிலிருந்து 7 டொலராகக் குறைக்கும் சட்டம் 1976இலேயே வந்தது. நல்ல சட்டந்தான். ஆனால் 400 பீப்பாய் காய்ச்சுபவருக்கு அதனால் ஆண்டில் மிஞ்சுவது 800 டொலர். அறுபதினாயிரம் பீப்பாயை மனத்திற்கொண்டு எழுதிய சட்டம் நானூறு பீப்பாய்க்காரருக்கு எவ்வளவு தூரம் உதவும்?

ஆகவே அவருடைய வருங்காலத் திட்டம் ஒன்றே ஒன்று: பெரிய சாலை. அதற்குக் கடன் வேண்டும். அவர் வங்கிகளை நாடிய காலமோ மிகப் பொல்லாத காலம். 1980 திசெம்பரில் அமெரிக்க வங்கிகள் தம் முதற்றர வாடிக்கையாளரிடமே 21.5 சதவீதம் வட்டி கேட்டன. சிறு பியர்ச் சாலை என்ற தொழிலே ஒன்று உண்டென அறியாத வங்கியாளர் முன் அவர் காட்டக்கூடிய முன்மாதிரியும் இல்லை. தாமே முன்மாதிரியாயிருந்தவர் வேறெதைக் காட்டுவார்? பத்திரிகைகள் புகழ்ந்து எழுதின. வாங்குவோரும் இருந்தனர். கடன் மட்டும் கிடைக்கவில்லை. 1982இற் சாலை மூடப்பட்டது.

அச்சாலையை வந்து பார்த்துப்போனவர்களுள் கென் குரோஸ்மன் ஒருவர். அவரும் பாற்பண்ணைப் பாத்திரங்களைத் தேடிச் சேர்த்தவர்தான். ஆனால் சிக்கோ என்னும் ஊரில் 1980இற் சியரா நெவாடா என்ற பெயரில் அவர் தொடங்கியபோது, ஒரு தடவைக்குப் பத்துப் பீப்பாய் என்றே அமைத்தார். அது பின்னர் நாட்டின் பெரிய பியர்ச் சாலைகளுள் ஒன்றாயிற்று. நியூ அல்பியனின் பாத்திரங்கள் ஹொப்லண்ட் என்னும் சிற்றூருக்குச் சென்று, 1983இல் அங்கு எழுந்த மெண்டோசினோ என்ற சாலையிற் பயன்பட்டன. அமெரிக்காவில் 2023இற் பியர்ச் சாலைகளின் தொகை 9,000க்கு மேற்பட்டிருந்தது. வேடிக்கை என்னவெனில், மேடாக் 2010இல் விற்றுவிட்ட அங்கர் அதே 2023இல் மூடப்பட்டது. மறு ஆண்டு வேறொருவர் அதனை வாங்கினார்.

நியூ அல்பியன் என்ற பெயர் பொஸ்ரன் பியர் கம்பனியின் கைக்கு வந்திருந்தது. அக்கம்பனி 2012இல் மக்கோலிப்பையே அழைத்து, பழைய முறைப்படி அந்தப் பியரைக் காய்ச்சி, 2013 தொடக்கத்தில் விற்பனைக்கு விட்டது. இலாபத்தை அவருக்கே கொடுத்தது. அதற்கு வேண்டிய மதுவம் டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கெடாமற் காக்கப்பட்டிருந்தது.