ஒட்டாத மணிக்கட்டு எலும்பு

தோட்டத்தில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்தால், கட்டைவிரல் பக்கமுள்ள படகெலும்பு முறியலாம். அதற்கு இரத்தம் பெரும்பாலும் விரல் பக்கமிருந்தே வருகிறது. முறிந்தால் மறுபாதிக்கு இரத்தம் குறையும். சுளுக்கு என்று உருவிவிட்டு நாளைக் கடத்தினால் எலும்பு ஒட்டாமலே போகலாம்.

அப்போது நம் எலும்பிலேயே சிறிது எடுத்து அங்கே வைப்பார்கள். இடுப்பெலும்பில் நிறைய, உறுதியாகக் கிடைக்கும். ஆனால் சில காலம் நடக்கும்போது வலிக்கும். அதே கையின் முன்கை எலும்பில் எடுத்தால் இடுப்பு தப்பும், கிடைப்பது குறைவு. இரத்தம் அற்ற எலும்பானால், இரத்தக் குழாயோடு எடுத்து வைப்பதும் உண்டு.

எங்கிருந்து எடுப்பீர்கள், ஏன் என்று மருத்துவரிடம் தயங்காமல் கேட்போம். புகைப்பதை நிறுத்துவோம், அது எலும்பு ஒட்டுவதைக் கெடுக்கும். உழைக்கும் கை நம் குடும்பத்தின் சோறு அல்லவா?