விலை ஜாபிதாவில் வாழ்ந்தவர்கள்

வேலூரை அடுத்த பாகாயத்திலிருந்து புறப்பட்டு ஆம்பூர் வரை போய் வருகிற எவனும் தோலின் வாடையை அறியாமல் திரும்ப முடியாது. ஆனால் அந்தத் தோல் கடல் கடந்து, உருமாறி, யாருடைய காலில் ஏறிற்று என்று அறிய ஆசைப்படுகிறவன், சரித்திர நூல்களை மூடிவைத்துவிட்டுப் பழைய விலை ஜாபிதாக்களைப் புரட்டுவதே உத்தமம் என்பேன். பட்டாபிஷேகங்களை வர்ணித்த புலவர்கள், குடியானவன் எத்தனை முழ வேஷ்டி கட்டினான் என்பதை எழுதாமலே போய்விட்டார்கள். சரக்கை விற்க வேண்டியவனுக்கோ அதுவே பிரதானம்.

1866-இல் லண்டனில், இந்தியா மியூஸியத்தைச் சேர்ந்த ஜான் ஃபோர்ப்ஸ் வாட்ஸன் என்பவர், நம் நாட்டுத் துணிகளின் மாதிரிகள் 700-ஐத் துண்டுகளாக நறுக்கி ஒட்டி, 18 பாகங்களாக்கி, அவ்விதம் 20 பிரதிகள் தயாரித்தார். 13 பிரிட்டனுக்கு, 7 இந்தியாவுக்கு. நோக்கம் வியாபாரம்தான்: நம்மவர் எதை உடுத்துகிறார்கள் என்று அறிந்து அங்குள்ள ஆலைக்காரர்கள் அதே மாதிரி நெய்து இங்கே அனுப்ப வேண்டும். நம் நெசவாளியின் தறியை ஓயச் செய்வதற்கென்று தொகுத்த அந்தப் புத்தகமே இன்று அவனுடைய கைவண்ணத்துக்குச் சாட்சியாக நிற்பதை நினைக்கையில் என் நெஞ்சு கனக்கிறது. துணியின் நீளம், அகலம், எடை, நெய்த ஊர் இவற்றோடு ஒரு நுட்பத்தையும் வாட்ஸன் கண்டுகொண்டார்: கத்திரி படாமல், தறியிலிருந்து இறங்கியபடியே உடுத்துகிற புடைவையிலும் தலைப்பாகையிலும், மடிப்புக்குள் மறைகிற பாகம் வெறுமையாயிருக்க, வெளியே தெரிகிற தலைப்பில்தான் சரிகை பிரகாசிக்கும். உடுத்துகிறவளின் தோளையும் இடுப்பையும் நெசவாளி தறியில் உட்கார்ந்தபடியே மனத்தில் கண்டிருக்கிறான்.

வெள்ளைக்காரர்களின் கதை வேறு. ராணுவ உத்தியோகஸ்தர்களுக்காக 1871-இல் லண்டனில் தோன்றிய ஆர்மி அண்ட் நேவி சங்கம், 1891-இல் பம்பாயிலும் கிளை திறந்தது. 1969-இல் மறுபடி அச்சிடப்பட்ட அதன் 1907-ஆம் வருஷத்து ஜாபிதாவில் தக்கைத் தொப்பி, கூடாரக் கட்டில், பயணப்பெட்டி, பூட்ஸ் என்று ஒரு சம்சாரமே சித்திரங்களாக அடைபட்டிருக்கிறது. பூட்ஸுக்கு மேல்தோல் ஆட்டுக்குட்டியின் ‘கிட்’டா, கன்றின் ‘காஃப்’பா என்பதுவரை விவரம் உண்டு. ஆனால் நம் பக்கத்தில் ஆவாரம்பட்டையில் பதனிட்டு, சென்னைத் துறைமுகம் வழியே லண்டன் ஏலத்துக்குப் போன தோல்களை, தொட்டியில் முழங்கால் அளவு நின்று புரட்டியவன் யார் என்பதற்கு எந்த ஜாபிதாவிலும் ஒரு வரியில்லை. அந்த மௌனத்தையும் சேர்த்தே நாம் படிக்கவேண்டும்.

1877-இல் வி.பி.பி. என்கிற தபால் முறை வந்தபின், சரக்கைக் கொண்டுவரும் தபால்காரரிடமே பணத்தைச் செலுத்தலாம் என்றாயிற்று. பெரிய கடைத்தெருவைக் கண்டிராத கிராமத்து வீட்டுக்கும் ஜாபிதா போய்ச் சேர்ந்தது. பூட்ஸ் வரவழைக்க விரும்புகிறவர் காகிதத்தின்மேல் வெறுங்காலை ஊன்றி, பென்சிலால் சுற்றிக் கோடிழுத்து, அதைக் கடிதத்தோடு அனுப்புவது அந்நாளைய வழக்கம். குதிகாலில் தொடங்கி, வயல் வரப்பில் நடந்து அகன்றுபோன பெருவிரலைச் சுற்றிவந்து, மறுபடி குதிகாலில் முடிகிற அந்தக் கோணல்கோடு, முகமறியாத ஒரு தொழிலாளியின் மேஜையில் போய் விரிந்திருக்கும்.