ஸ்டெப்னிக்கும் ஒரு நம்பர் உண்டு

இரவு பத்து மணிக்கு மேல் கப்பலூரில் ரோட்டோரம் லாரிகள் வரிசை கட்டிவிடும். சிட்கோ தொழிற்பேட்டையில் லோடு இறக்க வந்தவை, எண்ணெய் நிறுவன வளாகத்துக்கு வந்த டேங்கர்கள், உள்ளூர்க்காரர்கள் பல வருடங்களாகப் போராடிவரும் அந்த டோல்கேட்டுக்கு முன்னாலோ பின்னாலோ கண் அசரலாம் என்று ஒதுங்கியவை. உத்தங்குடியில் கிளம்பும் சுற்றுச்சாலை இங்கேதான் நான்குவழிச் சாலையில் சேர்கிறது என்பதால் வண்டிக்குக் குறைவே இல்லை. டிரைவர் தூங்குவது முன்னால் கேபினில். ஸ்டெப்னி தொங்குவது பின்னால், சேஸுக்கு அடியில்.

ஓடுகிற சக்கரத்தைத் திருட வேண்டுமானால் ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்க வேண்டும். வண்டி அசையும், உள்ளே படுத்திருப்பவர் எழுந்துவிடுவார். ஸ்டெப்னிக்கு அந்தத் தொல்லை இல்லை. தாங்கியின் நட்டைக் கழற்றினால் இறங்கிவிடும். அதைவிட வசதி, போனது உடனே தெரியாது. கோவில்பட்டி தாண்டி டயர் வெடித்துக் கீழே குனியும்போதுதான் வெறும் தாங்கி கண்ணில் படும். எங்கே போனது, கப்பலூரிலா, விருதுநகரிலா? முதல் சந்தேகம் பெரும்பாலும் பாவப்பட்ட டிரைவர் மேலேயே விழுகிறது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டெப்னி என்பது ஒரு தெருவின் பெயர். வேல்ஸ் நாட்டில் லனெத்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில் டேவிஸ் சகோதரர்கள் 1904-ல் உபரிச் சக்கரம் செய்து விற்றார்கள். பிறந்த நாட்டில் அந்தச் சொல்லை அநேகமாக மறந்துவிட்டார்கள். திருமங்கலம் பஞ்சர் கடைகளில் அது சௌக்கியமாக இருக்கிறது.

ஒரு புது லாரி ரேடியல் டயர் இருபதாயிரம் ரூபாயைத் தாண்டும். இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று நினைப்பவர்கள் பாலிசியின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். சரக்கு வாகனங்களுக்கான வழக்கமான பாலிசியில், முழு வண்டியும் போனாலொழிய டயர், ட்யூபுக்கு இழப்பீடு கிடையாது. ஐ.எம்.டி. 23 என்ற கூடுதல் பாதுகாப்புக்குத் தனியாகப் பணம் கட்டினாலும், வண்டியோடு சேர்ந்து சேதமான டயருக்குத்தான் அது பொருந்தும். திருட்டு எந்த நிலையிலும் சேராது என்று அதன் வாசகமே சொல்கிறது. ஆகவே லாரிக்காரருக்குச் சங்கிலியும் பூட்டும்தான் இன்சூரன்ஸ். சங்கிலியைத் தாங்கியில் மட்டும் சுற்றிப் பயனில்லை. டிஸ்க்கின் ஓட்டை வழியாக விட்டு சேஸோடு சேர்த்துப் பூட்ட வேண்டும். பின்பக்கத்தைச் சுவரையோ இன்னொரு லாரியையோ ஒட்டி நிறுத்துவது செலவில்லாத பூட்டு.

பூட்டையும் அறுப்பார்கள். அப்போது கைகொடுப்பது நம்பர். லாரி டயரின் பக்கவாட்டில் கம்பெனி அச்சிட்ட வரிசை எண் இருக்கும். அதே இடத்தில் நான்கு இலக்கம் ஒன்றும் தெரியும். 2324 என்றால் 2024-ம் வருடத்தின் 23-வது வாரத்தில் செய்த டயர். வாரம் ஆயிரம் டயருக்குப் பொது, வரிசை எண் அந்த ஒரு டயருக்கு மட்டும். பெரிய டிரான்ஸ்போர்ட்காரர்கள் அதை ரிஜிஸ்டரில் ஏற்றி, டயரில் தங்கள் நம்பரையும் சுட்டு வைப்பார்கள். ஒற்றை வண்டிக்காரருக்கு செல்போனில் ஒரு போட்டோ போதும். நம்பர் இல்லாமல் ஸ்டேஷனில் போய் நின்றால், மீட்டு வைத்திருக்கும் பத்து கறுப்பு வளையங்களில் உங்களுடையது எது என்று யார் சொல்வது?

பில்லும் முக்கியம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-வது பிரிவு திருட்டுக்கு மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது. ஆனால் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவு என்றால், மாஜிஸ்திரேட் உத்தரவின்றி போலீஸ் விசாரிக்க முடியாத குற்றமாக அது சுருங்கிவிடுகிறது. நம் ஆட்கள் ஸ்டெப்னியாகப் போட்டு வைப்பது பெரும்பாலும் தேய்ந்த டயர்தானே. புகாரில் டயரை மட்டும் எழுதாமல் டிஸ்க்கையும் சேர்த்து மதிப்புப் போடுங்கள். கோவில்பட்டியில்தான் கவனித்தீர்கள் என்றால் அங்கேயே புகார் கொடுக்கலாம். திருடு போன இடம் எந்த ஸ்டேஷன் எல்லையாக இருந்தாலும் புகாரை வாங்க வேண்டும் என்று 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் சொல்கிறது. பில் கேட்காமல் மலிவாகப் பழைய டயர் வாங்குகிறவர்களும் கவனிக்க: திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்குவதும் குற்றம்.

கார்க்காரர்களின் கவலை வேறு. டிக்கிக்குள் ஸ்டெப்னி இருந்தால் பயமில்லை. இன்னோவா, எர்டிகா போல வண்டிக்கு அடியில் தொங்கினால் அதற்கென்று பூட்டு வாங்கிப் போடலாம். 2020-ல் திருத்திய மத்திய விதிப்படி, ட்யூப்லெஸ் டயரும் காற்றழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் கிட்டும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னியே கட்டாயமில்லை. அலாய் வீல் போட்டவர்கள்தான் காலையில் காரைச் செங்கல் மேல் பார்க்க நேரலாம். அதற்கு லாக் நட்டு இருக்கிறது. சக்கரத்துக்கு ஒன்று போதும், தனிச் சாவி இல்லாமல் சுற்றாது. பஞ்சர் கடையில் மெஷினைப் போட்டு அதை முறுக்க விடாதீர்கள், கையால் கழற்றச் சொல்லுங்கள். சாவியை ஜாக்கியோடு சேர்த்து வண்டியிலேயே வையுங்கள். வீட்டு பீரோவில் பத்திரமாக வைத்துவிட்டுக் கிளம்பினால், நடுராத்திரியில் பஞ்சராகும்போது திருடன் பட வேண்டிய பாட்டை நீங்கள் படுவீர்கள்.