உறைமண்மேல் ஒரு நெடுஞ்சாலை



32 ஆண்டுகள் பூகோளம் கற்பித்தபோது, வடதுருவ வட்டத்தைக் கரும்பலகையில் ஒரு புள்ளிக்கோடாகவே வரைந்து வந்தேன். ஓய்வு பெற்றபின், கனடாவில் வாழும் என் மகளும் மருமகனும் அழைத்துச் செல்ல, ஒரு கோடைகாலத்தில் அக்கோட்டை மோட்டார் வண்டியிலேயே கடந்தேன். நாங்கள் சென்ற சாலையைப் பற்றியும், அது கற்பிக்கும் பாடத்தைப் பற்றியும் இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

அச்சாலைக்கு டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை என்று பெயர். கனடாவின் வடமேற்கே, யூக்கான் பகுதியிலுள்ள டாசன் நகருக்கு அருகில் தொடங்கி, ஏறத்தாழ 740 கிலோமீட்டர் வடக்கே சென்று இனுவிக் என்னும் ஊரை அடைகிறது. 1959இல் தொடங்கிய பணி இடையில் நின்று, மீண்டும் தொடர்ந்து, 1979இல் முற்றுப்பெற்றது. சாலையின் பெரும்பகுதி சரளைக் கல்லே. ஏன் தார் போடவில்லை என்று கேட்பீர்கள். விடை மண்ணுக்குள் இருக்கிறது.

அந்நாட்டில் நிலத்தின் மேற்பரப்பு மட்டுமே கோடையில் சிறிதளவு இளகும். அதன்கீழ் மண்ணும் நீரும் ஒன்றாய் உறைந்து, ஆண்டு முழுவதும் கல்லைப்போல் கிடக்கும். மேலே படர்ந்துள்ள பாசியும் வேர்களுமே அதற்குப் போர்வை. வேறு இடங்களில் செய்வதுபோல் மேல்மண்ணை வெட்டியெடுத்துச் சாலை போட்டால், வெயில் உள்ளே புகும், பனி உருகும், சாலை சேற்றில் அமிழும். ஆகவே பொறியாளர்கள் நிலத்தை வெட்டாமல், அதன்மேல் 1.2 முதல் 2.4 மீட்டர் கனத்திற்குச் சரளையைக் கொட்டி மேடாக்கினார்கள். பனிக்கட்டி விற்பவர் கட்டி கரையாதிருக்க மரத்தூளால் மூடிவைப்பார் அல்லவா? அதே தத்துவந்தான் இது. குளிரைப் பகையாகக் கருதாமல் காத்துவைத்ததால் அமைந்த சாலை அது.

இத்தகைய சாலையில் செல்வோர் முன்னேற்பாட்டோடு செல்ல வேண்டும். தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ 370 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஈகிள் பிளெயின்ஸ் என்னும் இடம் வரையில் பெட்ரோல் கிடைக்காது. கூரிய கற்கள் டயரைக் கிழிக்கும் என்பதால் இரண்டு உபரிச் சக்கரங்களாவது வேண்டும். பீல் ஆற்றையும் மெக்கன்சி ஆற்றையும் வண்டிகளை ஏற்றிச்செல்லும் படகில் கடக்க வேண்டும். குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேலேயே வண்டிகள் ஓடும். ஆறு உறையத் தொடங்கும் வாரங்களிலும் உருகும் வாரங்களிலும் இரண்டு வழியும் இல்லை, காத்திருக்கத்தான் வேண்டும்.

இரவில் கூடாரம் அடித்துத் தங்கினோம். கரடி நடமாடும் இடமாதலால் உணவுப் பொருளையோ சோப்பையோ கூடாரத்தில் வைத்தலாகாது. யாவற்றையும் வண்டிக்குள் பூட்ட வேண்டும். கொசுக்களின் தொல்லையோ சொல்லி முடியாது. இரவு என்றேனே தவிர, அங்கே இருள் இல்லை. பூமியின் அச்சு சாய்ந்திருப்பதால், இனுவிக்கில் மே மாத இறுதியிலிருந்து சூலை நடுப்பகுதி வரை கதிரவன் மறைவதே இல்லை. நள்ளிரவு 12 மணிக்கு அது வடதிசையில் தாழ்வாக நின்றது. பள்ளியில் உருண்டையையும் விளக்கையும் வைத்து எத்தனையோ முறை நான் விளக்கிய செய்தி, அங்கே என் கண்முன் நின்றது.

இனி, சாலையின் பெயருக்கு வருவோம். 1910 டிசம்பரில் ஃபிட்ஸ்ஜெரால்டு என்னும் காவல் அதிகாரியும் வேறு மூவரும், நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டிகளில் ஃபோர்ட் மெக்பெர்சனிலிருந்து டாசனுக்குப் புறப்பட்டனர். விரைந்து செல்லக் கருதி உணவைக் குறைத்துக்கொண்டனர். வழிகாட்டியாக வந்த கார்ட்டர் என்பவரோ, அவ்வழியில் ஒரே முறை, அதுவும் எதிர்த்திசையில், சென்றவர். இடையில் அந்நிலத்துக்குரிய குவிச்சின் இனத்தவரான ஏசா ஜார்ஜ் என்பவர் சில நாட்கள் வழிகாட்டினார். அவரை அனுப்பிவிட்டு மேலே சென்றார்கள், வழி தவறினார்கள். திரும்பும் வழியில் நாய்களையே உண்டு, இறுதியில் நால்வரும் மாண்டனர். கடைசி இருவர் வீழ்ந்த இடம், புறப்பட்ட ஊருக்கு 40 கிலோமீட்டர் தொலைவுதான். 1911 மார்ச்சில் அவர்தம் உடல்களைத் தேடிக் கண்டவர் கார்ப்பொரல் டெம்ப்ஸ்டர். அவர் குவிச்சின் வழிகாட்டி ஒருவரை உடன் அழைத்துச் சென்றார் என்பதை நாம் மறத்தலாகாது.

2017 நவம்பரில் இனுவிக்கிலிருந்து வடமாகடற் கரையிலுள்ள டக்டோயாக்டக் வரை, ஏறத்தாழ 138 கிலோமீட்டர் புதுச்சாலை திறக்கப்பட்டது. உறைமண்ணுக்கு ஊறு நேராதிருக்க, அதன் பணியைப் பெரும்பாலும் குளிர்காலத்திலேயே செய்தார்கள். ஆனால் இன்று உலகம் வெப்பமடைந்து வருகிறது. சாலை ஆங்காங்கே அமிழ்கிறது, மலைச்சரிவுகள் சரிகின்றன, டக்டோயாக்டக்கின் கரையை அலைகள் அரித்து வருகின்றன. போர்வை எவ்வளவு கனமாயினும், வீடே சூடேறினால் பனிக்கட்டி எப்படித் தாங்கும்?

ஒரு நாட்டின் நிலத்தை அறிவதற்குப் படம் மட்டும் போதாது. அந்நிலத்தின் இயல்புக்கு இணங்கிச் செல்லும் பணிவும், அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்வோரின் சொல்லைக் கேட்கும் பொறுமையும் வேண்டும். இவ்விரண்டும் இருந்த இடத்தில் சாலை நின்றது. இல்லாத இடத்தில் நான்கு உயிர்கள் போயின. பூகோளம் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதையும் சேர்த்துக் கற்பிப்பார்களாக.