காசநோயும் உடம்பின் காவலும்

"இருமல் நின்றுவிட்டது, உடம்பும் தேறிவிட்டது, இனி எதற்கு மாத்திரை?" கோலாசிலாங்கூர், ஈஜோக், ஜெராம் பக்கத்துத் தோட்டக் குடும்பங்களில் காசநோய் கண்டவர்களுக்கு இக்கேள்வி எழுவது இயல்பே. விடை காண, உடம்பினுள் நடப்பதை முதலில் பார்ப்போம்.

காசநோய்க் கிருமியை ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் காக் 1882-ஆம் ஆண்டில் கண்டறிந்தார். நோயாளி இருமும்போது அது காற்றில் கலந்து, அருகிலிருப்பவரின் நுரையீரலை அடைகிறது. அங்கே காவல் இருக்கும் அணுக்கள் அதை விழுங்குகின்றன. மற்றக் கிருமிகள் பலவும் அத்தோடு மடிந்துவிடும். இதுவோ, விழுங்கிய அணுவுக்குள்ளேயே வாழ வல்லது. ஆகவே மேலும் பல வெள்ளை அணுக்கள் திரண்டு, அதைச் சுற்றி வேலி அடைக்கின்றன. கிருமி உள்ளே நீறு பூத்த நெருப்பாகக் கிடக்கிறது. இப்படிக் கிருமி புகுந்த நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்கே வாழ்நாளில் நோய் வருகிறது.

வேலி தளர்வது எதனால்? சத்துக்குறைவு, புகை, மது, முதுமை, எச்.ஐ.வி. ஆகியவற்றால். இனிப்புநீர் உள்ளவருக்கோ நோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு அதிகம்.

பிறந்த குழந்தைக்குப் போடும் பி.சி.ஜி. ஊசி, காவல் அணுக்களுக்குப் பகைவனை முன்கூட்டியே அடையாளம் காட்டுகிறது. மூளையைத் தாக்கும் காசநோயிலிருந்து பிள்ளைகளைக் காக்கிறது. ஆனால் தமிழ்நாட்டின் செங்கற்பட்டு வட்டாரத்தில் 1968-இல் தொடங்கிய பெரிய ஆய்வில், பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று தெரிந்தது. ஆகவே, ஊசி போட்டாயிற்று என்று இருமலை அலட்சியம் செய்யலாகாது.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். மாத்திரை முதல் சில வாரங்களில் துடிப்பான கிருமிகளைக் கொல்கிறது, இருமல் அடங்குகிறது. உறங்கும் கிருமிகளை அழிக்கவே வழக்கமாக ஆறு மாதம் ஆகிறது. நடுவில் நிறுத்தினால், மிஞ்சியவை மருந்துக்கே அடங்காதவையாகத் திரும்பலாம்.

நோயாளியை ஒதுக்கவும் வேண்டாம். சென்னையில் 1956-இல் தொடங்கிய ஆய்வு, வீட்டிலிருந்தே ஒழுங்காக மருந்துண்டவர்களும் மருத்துவமனையில் தங்கியவர்களைப் போலவே குணமடைந்ததைக் காட்டியது. அவர்களுடைய வீட்டாருக்கும் அதனால் கூடுதல் ஆபத்து நேரவில்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் கிளினிக்குக்குச் சென்று சளியைச் சோதிப்போம். சன்னலைத் திறந்து வைப்போம். மாத்திரையைக் கடைசி நாள்வரை விழுங்குவோம். காவலுக்கு நாம் துணை நின்றால், காசநோய் தீரும் நோயே.