கதவை அடைத்தால் வேலை எங்கே போகும்?

அமெரிக்க தேசத்தில் 'ஹெச்-1பி' என்று வழங்கும் விஸா, பட்டப்படிப்பும் விசேஷப் பயிற்சியும் வேண்டிய உத்தியோகங்களுக்கு, அந்நாட்டு முதலாளி மனுச் செய்து அயல்நாட்டு நிபுணரை மூன்று வருஷத்துக்கும், நீட்டித்தால் ஆறு வருஷம் வரைக்கும், வரவழைத்துக்கொள்ள இடம் தருவது. 1990ஆம் வருஷத்துச் சட்டம் இதற்கு ஆண்டுக்கு 65,000 என்று வரம்பு கட்டிற்று. 2001 முதல் 2003 வரை 1,95,000 ஆக உயர்ந்து நின்ற அவ்வரம்பு, 2004இல் பழைய எண்ணுக்கே இறங்கிற்று. அமெரிக்கக் கல்லூரிகளில் மேற்பட்டம் பெற்றவர்களுக்கென 20,000 பிறகு சேர்ந்தது. கேட்போர் தொகை மிகுந்துவிட்டபடியால், பல வருஷங்களாக யாருக்கு விஸா என்பதைக் குலுக்கல் சீட்டே தீர்மானித்து வந்திருக்கிறது.

இன்னும் இறுக்க வேண்டும் என்று கேட்கும் அமெரிக்க ஊழியரின் மனத்தாங்கலை அற்பமென்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஃப்ளோரிடாவில் டிஸ்னி ஸ்தாபனத்தின் கம்ப்யூட்டர் ஊழியர்கள், தம் இடத்துக்கு வந்த இந்தியர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, வருஷக்கணக்கில் தாம் கைப்பழக்கமாக்கிக்கொண்ட வேலையின் நுட்பங்களையெல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக நேர்ந்தது என்ற செய்தி 2015இல் வெளியாயிற்று. அது அநீதி, அதில் இரண்டு அபிப்பிராயத்துக்கு இடமில்லை.

ஆனால் வரம்பை இறுக்கினால் அந்த நாற்காலியில் உள்ளூர்க்காரர் வந்து உட்காருகிறாரா என்பதுதான் கேள்வி. 2007இல் மைக்ரோஸாஃப்ட் கம்பெனி, கனடாவின் வான்கூவர் நகரப் பகுதியில் ஒரு மென்பொருள் நிலையம் திறப்பதாக அறிவித்தபோது, அமெரிக்கக் குடிவரவுச் சிக்கல்களால் பாதிக்கப்பட்ட நிபுணர்களை அங்கே அமர்த்திக்கொள்ளலாம் என்பதையும் ஒளிவுமறைவின்றிச் சொல்லிற்று. சியாட்டில் அருகே உள்ள அதன் தலைமையகத்துக்கும் வான்கூவருக்கும் சில மணி நேரக் கார்ப் பிரயாணந்தான், கடிகாரமும் ஒன்றே. இவ்வளவு அருகில் எல்லைக்கோடு இருக்கும்போது, வேலை அதைத் தாண்டுவதற்கு என்ன பிரயாசை?

இது ஒரு கம்பெனியின் கதை மாத்திரம் அன்று. பிரிட்டா க்ளெனன் என்ற பொருளாதார ஆராய்ச்சியாளர், வரம்பு குறைந்த வருஷங்களையும் குலுக்கல் நடந்த வருஷங்களையும் வைத்துக் கணித்துப் பார்த்தார். விஸா கிடைக்காமற்போன இடம் பத்து என்றால், ஏறக்குறைய நாலு வேலைகள் அந்தக் கம்பெனிகளின் வெளிநாட்டுக் கிளைகளில் முளைத்தன. பல தேசங்களில் பரவிய பெரிய கம்பெனிகளில் அது ஒன்பதை எட்டிற்று. போன இடங்களில் முக்கியமானவை இந்தியா, சீனா, கனடா. சரக்கேற்றும் கப்பலோ சுங்கமோ வேண்டாத வேலையல்லவா இது! வேலை போகும்போது சம்பளமும், அதன் மேல் விழும் வரியும், அந்த ஊழியர் குடியிருந்து செலவழித்திருக்கும் பணமும் சேர்ந்தே போகின்றன.

2023இல் கனடா சர்க்கார், ஹெச்-1பி வைத்திருப்பவர்களுக்கென்று 10,000 பேர் வரை வேலை அனுமதி தருவதாகச் சொல்ல, வாங்கத் தொடங்கிய இரண்டே நாளில் விண்ணப்பங்கள் நிறைந்துவிட்டன. 2025 செப்டம்பரிலோ, அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் புது மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் விதித்தார். பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் நம் சென்னையிலும் அயல்நாட்டுக் கம்பெனிகள் சொந்தக் கிளைகளை ஏற்கெனவே நிறுவியிருக்கும் காலத்தில், அக்கட்டணத்தைக் கட்டுவதைவிட இங்கே ஆள் சேர்ப்பது அவற்றுக்கு லாபம்.

உள்ளூர் ஊழியரைக் காக்க வேண்டுமென்றால் திருத்த வேண்டியது வேறு. அயலார் என்பதற்காகக் குறைந்த சம்பளம் கொடுக்க ஏதுவாயிருக்கும் ஊதியப் படிநிலைகளை உயர்த்த வேண்டும். முதலாளியின் மனுவை நம்பியே காலந்தள்ளும் அந்த நிபுணர் சுலபமாக வேறிடம் மாறிக்கொள்ள வழிசெய்ய வேண்டும். வரம்பைச் சுருக்குவது இவ்விரண்டில் ஒன்றையும் செய்வதில்லை.