சிரங்கு மருந்தும் அதன் அளவும்

சிரங்குப் பூச்சி தோலின் மேலடுக்கைத் துளைத்து முட்டையிடுகிறது. பேன் மயிரைப் பற்றி வாழ்கிறது. இவ்விரண்டையும் ஒழிக்க நெடுங்காலம் பயன்பட்ட லிண்டேன், வயலிலும் தெளிக்கப்பட்ட பூச்சிக்கொல்லியே. தோல் வழியே குருதியில் கலந்து நரம்பு மண்டலத்தைத் தாக்கி, வலிப்பையும் விளைவிக்கக்கூடியது. 2009இல் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் வேளாண்மையில் இதனை விலக்கியது. சிரங்குக்கும் தலைப்பேனுக்கும் இரண்டாம் நிலை மருந்தாக மட்டும் விட்டுவைத்தது.

தீங்குற்றோருள் பலர் மிகுதியாகவோ மீண்டும் மீண்டுமோ பூசியவர்கள். இதற்குக் காரணம் உண்டு. பூச்சி மாண்ட பின்னும், தோலில் தங்கிய அதன் எச்சங்களால் அரிப்பு 2 முதல் 4 வாரம் நீடிக்கும். மருந்து பலிக்கவில்லையெனக் கருதி மறுபடி பூசுகின்றனர். வெந்நீரில் குளித்தவுடன் பூசுவதோ, நஞ்சு உட்புகுவதை மேலும் விரைவாக்கும். குழந்தைகளுக்கும் முதியோருக்கும் ஆபத்து அதிகம்.

இன்று பெரிதும் பரிந்துரைக்கப்படும் பெர்மெத்ரின் இதனினும் பாதுகாப்பானது. 2 மாதம் நிறைந்த குழந்தைக்கும் ஏற்றது. சிரங்குக்கு 5 சதவீதக் களிம்பைக் கழுத்து முதல் பாதம் வரை பூசி, 8 முதல் 14 மணி நேரத்தில் கழுவிவிட வேண்டும். ஒரு வாரம் கழித்து மற்றொரு முறை. பேனுக்கு 1 சதவீதமே போதும். 10 நிமிடத்தில் அலசிவிடலாம். சிரங்கு கண்ட வீட்டில் அனைவரும் ஒரே நாளில் பூசிக்கொள்ளாவிடில் நோய் திரும்பும். பழியோ மருந்தின் மேல் விழும்.